குமரி மாவட்டத்தில் பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை: யாருக்கு, எப்போது, எப்படி?

1. வெட்டுமணி

எல்லாருக்கும் வணக்கம். விளவங்கோடு தாலுகாவில் ஒரே ஊர்க்காரர்கள் இருபது பேர் சேர்ந்து வருஷத்துக்கு 5 லட்சம் ஒதுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பி.பி.டி. என்கிற பிசியோதெரபிப் பட்டப்படிப்பில் சேர்கிற ஐந்து பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு லட்சம், ஊர்த் திருவிழா மேடையில் காசோலையாகக் கொடுப்பது என்பது இப்போதைய எண்ணம். பணம் போடுகிறவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில். டிரஸ்ட் இன்னும் பதியவில்லை. இந்தப் படிப்பும் இந்த உதவித்தொகை விவகாரமும் தெரிந்தவர்கள், எங்கே தப்பு வரும் என்று சொன்னால் நல்லது.

2. கோனியோ

அண்ணாச்சி, தலைக்கு ஒரு லட்சம் என்கிற கணக்கை முதலில் கலைத்துவிடுங்கள். இது நான்கு வருஷப் படிப்பு, அதற்குமேல் ஆறு மாதம் கட்டாயப் பயிற்சி. இணை மருத்துவப் படிப்புகளுக்கென 2021 சட்டப்படி அமைந்த தேசிய ஆணையத்தின் புதுப் பாடத்திட்டத்தில் பயிற்சியே ஒரு வருஷம், ஆக மொத்தம் ஐந்து. வருஷம் ஐந்து புதுப் பிள்ளைகளை எடுத்து, எடுத்தவர்களைக் கைவிடாமல் கொண்டுபோனால் நான்காம் வருஷம் உங்கள் கையில் இருபது பேர் இருப்பார்கள். 5 லட்சம் அன்றைக்கு 20 லட்சமாக வேண்டும். இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வருஷம் மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவதாக அர்த்தம். பெரும்பாலான ஊர் நிதிகளில் நடப்பது அதுதான்.

முதல் வருஷ பீஸை நம் ஊரில் எப்படியாவது புரட்டிவிடுவார்கள். நகை இருக்கும், சீட்டு இருக்கும், சித்தப்பா இருப்பார். படிப்பு தடுமாறுவது வேறு மூன்று இடங்களில். கல்லூரி ஆகஸ்ட், செப்டம்பரில் பீஸ் கேட்கும். அரசுப் பணம் பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். நடுவில் ஆறு மாதம் யாரும் இல்லை. இரண்டாவது, ஒரு பேப்பர் போய்விட்டால் மதிப்பெண் நிபந்தனை வைத்த உதவித்தொகையெல்லாம் அந்த வருஷம் நின்றுவிடும். தேர்வுக்கட்டணம் மறுபடி, ட்யூஷன் மறுபடி, வருமானம் பூஜ்யம். மூன்றாவது பயிற்சிக்காலம். பீஸ் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் 5 லட்சத்தை இந்த மூன்று இடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேடை வேண்டாம்.

3. மணக்குடிக்கரை

இழைக்குள் ஒரு கேள்வி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி, தகப்பன் கடல்தொழில், வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை, கவுன்சலிங்கில் சுயநிதிக் கல்லூரியில் பி.பி.டி. சீட். எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்? எதை முதலில்?

4. சேவைமையம்

சகோதரி, வரிசை முக்கியம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ரிசல்ட்டுக்குக் காத்திராமல், மே மாதத்தில், இ-சேவையில் மூன்று சான்றிதழுக்குப் போட்டுவிடுங்கள்: சாதி, வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரி. தலைக்கு 60 ரூபாய்தான். முதலில் குடிமக்கள் கணக்கு எண் எடுக்கணும். அதில் ஏறுகிற பெயர்தான் எல்லாச் சான்றிதழிலும் வரும், அதனால் அங்கேயே எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும். பிப்ரவரியில் எடுத்துவைத்தால் அடுத்த பிப்ரவரியில், சரியாக விண்ணப்பம் சரிபார்க்கிற நேரத்தில் காலாவதி ஆகும். மே மாதம் என்று சொன்னது அதனால்தான்.

முதல் தலைமுறைச் சான்றுக்குத் தாத்தா பாட்டி வரை கேட்பார்கள், அப்பா வழி அம்மா வழி இரண்டும். இறந்தவர் பெயரும் எழுதணும். அக்கா அண்ணன் யாராவது ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் அடுத்தவருக்குக் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். இந்தக் கட்டணச் சலுகை ஒற்றைச்சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவருக்கு மட்டும். மேனேஜ்மென்ட் சீட் என்றால் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை.

கல்லூரியில் சேர்ந்ததும் உங்கள் யூமிஸ் எண், அதாவது அரசின் கல்லூரி மாணவர் பதிவு எண், என்ன என்று ஆபீஸில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுமைப்பெண் திட்டம், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை எல்லாம் அந்தப் பதிவிலிருந்துதான் போகிறது. நம் பங்குக்கு எவ்வளவு ஓடினாலும், கல்லூரி கிளார்க் உங்களைப் பதியவில்லை என்றால் அரசுக் கணக்கில் நீங்கள் படிக்கவே இல்லை.

புதுமைப்பெண்: மாதம் 1,000. 2022 செப்டம்பர் 5 முதல் உள்ளது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது நிபந்தனை. 2024 டிசம்பர் முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் உண்டு. நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள்தான் அதிகம், எனவே இந்த மாற்றம் இங்கே பெரிய விஷயம். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 முதல், அதே தொகை.

தகப்பன் மீனவர் நலவாரிய உறுப்பினராக இருந்தால் பிள்ளை படிப்புக்கு அங்கே தனியாக உதவி உண்டு. உறுப்பினர் அட்டை நடப்பில் இருக்கணும். புதுப்பிக்காத அட்டையை வைத்து விண்ணப்பித்துவிட்டு, பிறகு புதுப்பித்துக் கொண்டுபோனால் வேலை நடக்காது. கட்டுமானம், முந்திரி ஆலை, ரப்பர் பால்வெட்டு என்று எந்த வாரியத்தில், நிதியில் இருந்தாலும் முதல் கேள்வி அட்டைத் தேதிதான்.

5. ஆரல்காற்று

என்எஸ்பி என்கிற தேசிய உதவித்தொகைத் தளத்தில் வருகிற மத்திய அரசு உதவித்தொகையை விட்டுவிட்டீர்களே. பன்னிரண்டாம் வகுப்பில் தன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் முதல் மூன்று வருஷம் 12,000, நான்காம் வருஷம் 20,000.

6. சேவைமையம்

விட்டது வேண்டுமென்றேதான். அந்தத் திட்டத்தின் விதியில், வேறு எந்த உதவித்தொகையோ மாநில அரசின் கட்டணச் சலுகையோ பெறுகிறவர் தகுதியில்லை என்று இருக்கிறது. மாநில அரசு புதுமைப்பெண்ணை மற்றதோடு சேர்த்து வாங்கலாம் என்கிறது. மத்தியத் திட்டம் தன்னோடு வேறு எதுவும் கூடாது என்கிறது. இரண்டு விதியையும் சேர்த்துப் படித்தால் ஒன்றைத்தான் எடுக்கணும்.

கணக்கு போடுங்கள். மாதம் 1,000 என்றால் வருஷம் 12,000. முதல் மூன்று வருஷம் இரண்டும் ஒன்றுதான். மத்தியத் திட்டத்தைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும், அதற்காக முதல் தலைமுறைச் சலுகையையும் விடணும். கவுன்சலிங் சீட்டில் வந்த அரசுப் பள்ளி மாணவிக்கு அது நட்டக் கணக்கு. தனியார் பள்ளியில் படித்து, பட்டதாரி வீட்டிலிருந்து வருகிற, மாநிலத்தின் எந்தப் பட்டியலிலும் விழாத பிள்ளைக்குத்தான் 5ஆம் பதிவில் சொன்னது பொருந்தும். அவர்கள் என்எஸ்பியில் முதலில் ஒருமுறைப் பதிவு எண் எடுக்கணும், ஆதார் முகச் சரிபார்ப்போடு. அதன்பிறகு கல்லூரியின் பொறுப்பு அலுவலர் அங்கீகரிக்கணும். அவர் பொத்தானை அழுத்தாமல் கடைசித் தேதி போனால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் போய் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

7. பழைய பட்டாளம்

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகையில் பி.பி.டி.யும் சேர்ந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500, வருஷக் கணக்கில் மொத்தமாக வரும். பன்னிரண்டில் 60 சதவீதம் வேண்டும். முதல் வருஷத்தில் மட்டும்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும், இரண்டாம் வருஷம் நினைவு வந்தால் பலனில்லை.

இது என்எஸ்பியில் இல்லை, கேந்திரிய சைனிக் போர்டின் தனித் தளம். நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்று வாங்கி ஏற்றணும். பணியில் இருக்கிறவர் பிள்ளைக்கு இல்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரிப் படைகளுக்குத் தனியாக உண்டு, அதுதான் என்எஸ்பியில் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டுத் தள்ளுபடி ஆனவர்கள் நிறைய.

8. பார்வதிபுரம்

பிரகதி உதவித்தொகை, பெண்களுக்கு வருஷம் 50,000 என்று வாட்சப்பில் சுற்றுகிறதே, அது?

9. கோனியோ

அது தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் அனுமதி பெற்ற கல்லூரிகளுக்கு. பிசியோதெரபி அந்த அமைப்பின் கீழ் வராது. விட்டுவிடுங்கள்.

தனியாரில், எந்தப் பட்டப்படிப்பானாலும் சரி என்று சொல்கிறவற்றை மட்டும் பாருங்கள். மருத்துவப் படிப்பு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ்.ஸைத்தான் சொல்கிறார்கள். ரிலையன்ஸ் பவுண்டேஷனின் இளநிலை உதவித்தொகை எல்லாப் பிரிவுக்கும் உண்டு: பன்னிரண்டில் 60 சதவீதம், வருமானம் 15 லட்சத்துக்குள், இரண்டரை லட்சத்துக்குக் கீழே முன்னுரிமை, முழுப் படிப்புக்கும் சேர்த்து 2 லட்சம் வரை. முதல் வருஷ மாணவர்தான் போடலாம், ஆன்லைன் தேர்வு ஒன்று எழுதணும். செல்போனில், சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்திலிருந்து எழுதினால் பாதியில் அறுந்துபோகும். நல்ல இணைப்பு உள்ள கணினியில் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதற்குப் பன்னிரண்டு முடிக்கிற சமயத்திலேயே விண்ணப்பிக்கணும், காலேஜ் சேர்ந்தபின் இல்லை.

10. பேச்சிப்பாறை

சாதிச் சான்று பற்றி இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. பரவர், வண்ணார் போன்ற சில சமூகங்கள் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் மட்டும் பட்டியல் சாதி. தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் அதே பெயர் வேறு பட்டியலில். திருநெல்வேலியிலோ சென்னையிலோ வளர்ந்த பிள்ளை அங்கே சான்று வாங்கினால் ஒன்று வரும், தகப்பன் சான்றில் வேறு இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத விண்ணப்பம் கல்லூரி மேசையிலேயே திரும்பும். கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் என்றால் இன்னும் கவனம். கிறித்தவ ஆதிதிராவிடர் இடஒதுக்கீட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். ஆனால் படிப்பு உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத்துறையில், மாநில அரசு நிதியில். பிற்படுத்தப்பட்டோர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, அங்கே இல்லை என்றதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இரண்டு அலுவலகமும் இருக்கிறது, கதவுதான் வேறு.

காணிக்காரர் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்ட அளவில்தான். பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகம். நாள் எடுக்கும். பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைப்பது புத்தி.

11. மணக்குடிக்கரை

எல்லாம் சரியாகப் போட்டும் பணம் வரவில்லை என்கிறார்களே, அது ஏன்? அங்கீகரிக்கப்பட்டது என்றுதான் திரையில் காட்டுகிறது.

12. சேவைமையம்

பத்துக்கு எட்டு பேங்க் சிக்கல்.

விண்ணப்பத்தில் எந்தப் பாஸ்புக் எண் கொடுத்தீர்கள் என்பதை ஆதார்வழிப் பட்டுவாடா பார்க்காது. உங்கள் ஆதாரோடு கடைசியாக எந்த பேங்க் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். எட்டாம் வகுப்பில் போஸ்ட்மேன் வீட்டுத் திண்ணையில் வைத்து விரல் வாங்கித் திறந்த தபால் வங்கிக் கணக்கு ஒன்று இருக்கும். பணம் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும், சிம் மாறியதால் மெசேஜும் வந்திருக்காது. போனில் *99*99*1# என்று அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் இணைப்பு உண்டா என்று காட்டும். எந்த பேங்க் என்பதை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பாருங்கள்.

அடுத்தது, முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கு. அதில் இருப்பு 50,000 தாண்டக்கூடாது, வருஷத்தில் மொத்த வரவு ஒரு லட்சம் தாண்டக்கூடாது, மாதம் 10,000க்கு மேல் எடுக்க முடியாது. பீஸ் பணம் பெரிய தொகையாக வந்தால் திரும்பிப்போகும். கல்லூரியில் சேருகிற வாரமே கே.ஒய்.சி. கொடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள்.

இனிஷியல். நம் ஊரில் ஆதாரில் தகப்பன் பெயர் முழுசாக முன்னால், மார்க் ஷீட்டில் ஒரே எழுத்து பின்னால், பேங்கில் ஞானஸ்நானப் பெயர். மூன்றையும் மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆக்குங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவதுதான் கஷ்டம், மற்ற இரண்டும் எளிது.

பட்டியல் சாதி உதவித்தொகையில் இன்னொன்று: முதலில் மாநிலத்தின் பங்கு 40 சதவீதம் வரும், மத்தியப் பங்கு 60 பிறகு தனியாக வரும். முதல் தவணையைப் பார்த்துவிட்டுத் தொகையைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பீஸுக்கான பணம் மாணவர் கணக்குக்கே வருகிறது. வந்து 7 நாளுக்குள் கல்லூரியில் கட்டணும் என்பது விதி.

13. வெட்டுமணி

நாங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் போகிறது. இப்போது எங்கள் பக்கம்: டிரஸ்ட் பதிந்தால்தானா? வளைகுடாப் பணம் வாங்கலாமா? எங்கள் கூட்டத்தில் சிலர் நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும் என்கிறார்கள்.

14. கணக்கு வழக்கு

மூன்றுக்கும் சொல்கிறேன். பிரிவு எண்கள் 1961 வருமானவரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருஷப் புதுச் சட்டம், அதில் எண்கள் வேறு, சாரம் இதுதான்.

வளைகுடாவில் இருக்கிறவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமை வாங்கிய மச்சான் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை இருந்தாலும் சரி. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் விழணும். தெரியாமல் 10,000 வாங்கினாலும் குற்றமே. ஒவ்வொரு நன்கொடையாளரிடமும் பாஸ்போர்ட் முதல் பக்க நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சமுதாயம். 1962 ஏப்ரலுக்குப் பிறகு ஏற்படுத்திய தரும டிரஸ்ட் ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதிக்கோ மட்டும் என்று பத்திரத்தில் எழுதினால் வரிவிலக்கு போய்விடும், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தருகிற 80ஜி ஒப்புதலும் கிடைக்காது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று எழுதலாம், அது விலக்கில் வரும். நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கிய ஊர் இது. நூறு வருஷப் பழைய டிரஸ்டுகளின் பத்திரத்தைப் பார்த்து அதேபோல எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். அவை 1962க்கு முந்தியவை, உங்களுக்கு அந்த வாசகம் ஆகாது.

பதிவு: டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸில், பிறகு பான், பிறகு 10ஏ படிவத்தில் 12ஏபி (டிரஸ்டின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி இரண்டுக்கும் தற்காலிக ஒப்புதல். மூன்று வருஷத்துக்குக் கிடைக்கும், முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த விண்ணப்பம். 80ஜி கழிவு பழைய வரி முறையில் இருக்கிறவருக்குத்தான். 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. மாணவர் பெயரில் நேரடியாகக் கொடுத்த காசுக்கும் 80ஜி கிடையாது. மாணவருக்குக் கவலை வேண்டாம், படிப்புச் செலவுக்குக் கொடுக்கிற உதவித்தொகை 10(16) பிரிவில் வரியற்றது.

வெளிப்படையாகச் சொன்னால், 5 லட்சத்துக்கு டிரஸ்ட், ஆடிட், வருஷா வருஷம் ரிட்டர்ன் என்பது பாரம். முதல் வருஷம் ஊர்க்காரர் மூன்று பேர் கூட்டுக் கணக்கில் வைத்து, நேரே கல்லூரிக்குக் கட்டிப் பாருங்கள். வரிக்கழிவு போகும், அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஓடினால் பதியுங்கள்.

15. கோனியோ

இப்போது முதலில் சொன்ன ஆறு மாத இடைவெளிக்கு வருகிறேன். தானமாகக் கொடுக்காமல், சுழல்நிதியாக வைத்தால் இதே 5 லட்சம் மூன்று மடங்கு வேலை செய்யும்.

ஒரு பிள்ளைக்குப் பீஸ் 40,000 என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் பன்னிரண்டு பேருக்கு நீங்கள் கல்லூரியில் நேரடியாகக் கட்டுகிறீர்கள், 4,80,000. இந்தப் பன்னிரண்டு பேரும் அரசு உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்கள், விண்ணப்பம் போட்டாகிவிட்டது. விண்ணப்ப எண் இல்லாதவருக்குக் கட்டக்கூடாது. மார்ச், ஏப்ரலில் அரசுப் பணம் வந்ததும் உங்களுக்குத் திரும்பும். அடுத்த செப்டம்பரில் அதே பணம் மறுபடி போகும்.

எங்கே உடையும்? கட்டணச் சலுகைப் பணத்தை அரசு நேரே கல்லூரிக்குக் கொடுக்கிற இடத்தில், சில கல்லூரிகள் முதலில் முழுசாக வாங்கிவிட்டுப் பிறகு மாணவருக்குத் திருப்பும். எனவே கட்டும்போதே கல்லூரியிடம், அரசு ஈட்டுத்தொகை வந்ததும் கட்டியவர் கணக்குக்கே திருப்புவோம் என்று லெட்டர்ஹெட்டில் வாங்கணும். பணம் மாணவர் கணக்குக்கு வருகிற இனத்தில் இந்தக் கடிதம் உதவாது; திருப்பித் தருவோம் என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் போதும். வெற்றுக் காசோலை, ஒரிஜினல் மார்க் ஷீட் எதையும் பிணையாக வாங்காதீர்கள். அது கந்துவட்டிக்காரன் வேலை.

16. ஆரல்காற்று

ஏட்டில் நன்றாக இருக்கிறது. ஏப்ரலில் தகப்பனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் 40,000 உங்களிடம் வராது. யார் போய்க் கேட்பது? ஊர்க்காரர் வீட்டு வாசலில் ஊர்க்காரரே நின்றால் என்ன ஆகும்?

17. கணக்கு வழக்கு

நியாயமான கேள்வி. திரும்பாது என்று முன்கூட்டியே ஒரு பங்கை எழுதிவிடணும். ஆறில் ஒன்று என்று வைத்தால் 80,000. அதை வருஷ நன்கொடையில் ஈடுகட்டுங்கள். கேட்க ஊர்க்காரர் போகவே கூடாது, நிதிப் பொறுப்பாளர் ஒருவர் ஒரு போன், ஒரு கடிதம், அதோடு சரி. திருப்பாதவரை மேடையிலோ வாட்சப் குழுவிலோ சொல்லக்கூடாது என்பதையும் விதியாகவே எழுதுங்கள்.

பின்னால் டிரஸ்ட் ஆனால்: படிப்புக் கடனாகக் கொடுத்தது கொடுத்த வருஷம் தருமச் செலவாகக் கணக்காகும், திரும்பி வந்தது வந்த வருஷத்தின் வருமானம். 1973ஆம் வருஷ 100ஆம் எண் சுற்றறிக்கை அது. 85 சதவீதம் செலவழிக்கணும் என்கிற விதியில் இதை மறந்தால் இரண்டாம் வருஷம் கணக்கு இடிக்கும்.

18. பார்வதிபுரம்

பீஸ் தவிர என்னென்ன செலவு வரும் என்று யாராவது எழுதினால் நல்லது. கொடுக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

19. கோனியோ

முதல் வருஷம்: வெள்ளைக் கோட்டு இரண்டு, உடற்கூறியல் படப் புத்தகம், ரெக்கார்டு நோட்டுகள். இரண்டாம் வருஷம் முதல் கருவிகள். கோனியோமீட்டர், முழங்கால் சுத்தியல், இஞ்ச் டேப், ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தக் கருவி.

கோனியோமீட்டர் என்பது மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கிற, இரண்டு கை உள்ள ஸ்கேல். ஒளிபுகும் பிளாஸ்டிக்கில், 360 டிகிரி வட்டம் உள்ள பெரியது ஒன்றும், விரலுக்குச் சின்னது ஒன்றும் வாங்கணும். நடு ரிவெட் தளர்ந்த மலிவுச் சரக்கு வேண்டாம். முட்டியை மடக்கிப் படிக்கிறதற்குள் கை நழுவி 5 டிகிரி மாறிவிடும், பிராக்டிகலில் மார்க் போகும். வாங்குமுன் கையை 90இல் நிறுத்தித் தூக்கி ஆட்டிப் பார்த்தால் தெரியும். இது சின்னக் காசு. ஆனால் இருபது மாணவருக்கு ஆளுக்கு ஒரு கருவிப் பை என்று பொருளாகக் கொடுத்து, முடித்ததும் அடுத்த பேட்சுக்குத் திருப்பி வாங்கினால் நிதிக்கு ரொம்ப லாபம். கோட்டு திரும்பாது, ரத்த அழுத்தக் கருவி திரும்பும். கைப்பட்டையும் ரப்பர்க் குழாயும் மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாம் வருஷத்திலிருந்து ஆஸ்பத்திரி போஸ்டிங். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களா, வேறு இடமா என்பதைப் பொறுத்து பஸ் செலவு. குழித்துறைப் பக்கத்திலிருந்து காலை 8 மணிக்கு வந்து சேர இரண்டு பஸ் மாறணும், கல்லூரி பஸ் பீஸ் கட்டியிருந்தாலும் அது போஸ்டிங்குக்கு வராது. மாதாமாதம் மாணவர் கணக்கில் 1,500, 2,000 என்று போடுவது இந்தக் கட்டத்தில் பெரிய உதவி. மொத்தமாகக் கொடுத்தால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பயிற்சிக்காலம்: பல தனியார் இடங்களில் பி.பி.டி. பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை கிடையாது, அல்லது பெயருக்கு. காலை முதல் மாலை வரை வார்டு, பகுதிநேர வேலைக்கும் போக முடியாது. சாப்பாடும் வாடகையும் ஆறு மாதத்துக்கு யாராவது கொடுக்கணும். அரசுத் திட்டம் எதையும் நம்பி இந்த மாதங்களைக் கணக்கிடாதீர்கள். உங்கள் நிதியில் தானமாகப் போகிற பங்கு இருந்தால் அது முழுக்க இங்கே போகட்டும் என்பேன்.

20. மணக்குடிக்கரை

பேங்க் லோன்?

21. கணக்கு வழக்கு

4 லட்சம் வரை பிணையும் கிடையாது, நம் பங்குப் பணமும் கிடையாது. 7.5 லட்சம் வரை அரசுக் கடனுறுதித் திட்டத்தில் வரும், 5 சதவீதம் நாம் போடணும். திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து; பயிற்சிக்காலமும் படிப்புதான், விண்ணப்பத்திலேயே நாலரை அல்லது ஐந்து வருஷம் என்று எழுதவைக்கணும். நான்கு என்று கிளார்க் போட்டுவிட்டால் பயிற்சி முடிந்து ஆறு மாதத்திலோ, முடிந்த உடனேயோ தவணை வந்து நிற்கும்.

சிறுபான்மையினர் முதலில் டாம்கோவை, அதாவது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தை, பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், ஆனாலும் கேட்டு வருகிறவர் குறைவு. குடும்ப வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால் 3 சதவீத வட்டி, 20 லட்சம் வரை. அதற்குமேல் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மாணவிக்கு 5, மாணவருக்கு 8 சதவீதம். விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸில் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்தில்.

22. பேச்சிப்பாறை

கொடுப்பதற்கு முன் கல்லூரியைப் பாருங்கள். ஒரு வருஷ பிசியோதெரபி டிப்ளமோ என்று ரோட்டோர மாடியில் நடத்துகிறவர்கள் உண்டு. அது பி.பி.டி. ஆகாது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலில் கல்லூரி பெயரும் பி.பி.டி. என்ற படிப்பும் இரண்டும் இருக்கணும்; நர்சிங்குக்கு மட்டும் இணைப்பு வைத்துக்கொண்டு போர்டில் பிசியோதெரபியும் எழுதினால் ஏமாறக்கூடாது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்திலோ கர்நாடகத்திலோ சேர்ந்தால் யூமிஸ் எண் இருக்காது, 4ஆம் பதிவில் சொன்னவற்றில் பெரும்பாலானது போய்விடும். பட்டியல் சாதி மாணவருக்குச் சொந்த மாநிலம் வெளிமாநிலப் படிப்புக்கும் கொடுக்கும், மேனேஜ்மென்ட் சீட்டாக இல்லாவிட்டால்.

23. வெட்டுமணி

செரி. இன்றைக்குக் கூட்டத்தில் பேசியது: டிரஸ்ட் இப்போது இல்லை, கூட்டுக் கணக்கு. 3 லட்சம் சுழல்நிதி, ஒன்றரை லட்சம் பயிற்சிக்காலத்துக்கு, 50,000 கருவிப் பைக்கும் அரியர் தேர்வுக்கட்டணத்துக்கும். மேடை இல்லை என்றதும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், பார்க்கலாம். விண்ணப்பப் படிவத்தில் என்ன கேட்பது?

24. சேவைமையம்

ஒரே பக்கம் போதும். யூமிஸ் எண், அரசு விண்ணப்ப எண், கல்லூரி பீஸ் ரசீதின் படம், ஆதார் எந்த பேங்கில் இணைந்திருக்கிறது என்பதன் ஸ்கிரீன்ஷாட், ரேஷன் கார்டின் நகல். ஏழ்மையை விளக்கிக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், போட்டோவும் வேண்டாம். படிவத்தை மே மாதமே பள்ளிகளில் கொடுங்கள். சேவை மையத்தில் கூட்டம் குறைவாக இருக்கும், முதல் தலைமுறைச் சான்றுக்கு வி.ஏ.ஓ. விசாரிக்கவும் நாள் கிடைக்கும்.